நம்பிக்கைக்கு ஒரு படிவம்

திருமலையில் வேற்று மதத்தவர் தரிசனத்துக்குப் போவதற்கு முன் ஒரு படிவத்தில் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. வேங்கடேஸ்வரர்மீது தனக்கு நம்பிக்கையும் பக்தியும் உண்டு என்று அறிவிக்கும் படிவம் அது. 2025 ஏப்ரலில் ஆந்திரத் துணை முதல்வர் பவன் கல்யாணின் மனைவி அன்னா அதில் கையெழுத்திட்டார். ரஷ்யாவில் பிறந்தவர், ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர். சில நாட்களுக்கு முன் சிங்கப்பூரில் நேர்ந்த தீ விபத்தில் அவருடைய மகன் காயங்களுடன் உயிர் தப்பியிருந்தான். கையெழுத்திட்ட தாய், தலைமுடியைக் காணிக்கையாகக் கொடுத்தார். மறுநாள் தரிசனத்துக்குப் பின் மகன் பெயரில் 17 லட்சம் ரூபாயை அன்னதானத்துக்கு வழங்கினார். படங்கள் நாடு முழுவதும் வெளியாயின. மெய்சிலிர்த்தவர்கள் இருந்தார்கள், இணையத்தில் கேலி பேசியவர்களும் இருந்தார்கள். ஒரு தாயின் நம்பிக்கையை எடைபோட யாரிடமும் ஒரு தராசு தயாராகவே இருக்கிறது.

இந்துக்களிடம் அந்தப் படிவம் நீட்டப்படுவதில்லை. நீட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கலாம். புரட்டாசி சனிக்கிழமையன்று வேலூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் பஸ் பிடித்து வந்து, கம்பார்ட்மென்டில் மணிக்கணக்கில் காத்திருக்கும் பெண்களில் பெரும்பாலோர் தயங்காமல் கையெழுத்திடுவார்கள். ஆனால் மூன்று வருடமாக மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தும் வேண்டியது நடக்காமல் போன பெண் என்ன செய்வாள்? மாமியார் சொன்னதற்காக வந்தவள்? வீட்டை விட்டு இரண்டு நாள் வெளியே வர இதைத் தவிர வேறு வழி இல்லாதவள்? நம்பிக்கை, பழக்கம், பயம், சந்தேகம் எல்லாம் புளியோதரைப் பொட்டலத்தோடு ஒரே பையில்தான் மலையேறுகின்றன. அவளாக அதைப் பிரித்துப் பார்த்ததில்லை. பிரித்துப் பார்க்க அவளை யாரும் விட்டதும் இல்லை. கேள்வி கேட்டால் சாமி கண்ணைக் குத்தும் என்று சொல்லித்தானே பெண்குழந்தைகள் வளர்க்கப்படுகிறார்கள்.

ஆண் நாத்திகம் பேசினால் அது கொள்கை. மேடை கிடைக்கும், சில சமயம் கட்சியும் கிடைக்கும். அவன் வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கை மனைவி ஏற்றிக்கொண்டிருப்பாள். அவளும் சந்தேகப்பட ஆரம்பித்தால் விளக்கை யார் ஏற்றுவது? பெண்ணின் ஐயம் குடும்பத்தின் அஸ்திவாரத்தையே ஆட்டிவிடும் என்று எல்லா மதங்களும் அஞ்சியிருக்கின்றன. அதனால்தான் அவளுடைய நம்பிக்கைக்கு மட்டும் இத்தனை காவல்.

சித்தூர், திருப்பதி வட்டாரத்துக்கு இந்த வழக்கு புதிதல்ல. வட ஆர்க்காட்டிலிருந்து சித்தூர், சந்திரகிரி பகுதிகளையும் கடப்பையிலிருந்து மதனப்பள்ளி, வாயல்பாடு பகுதிகளையும் சேர்த்து 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவாக்கப்பட்டது. 2022-ல் அது மறுபடி பிரிக்கப்பட்டு, திருப்பதி தனி மாவட்டமானது. இந்தப் பழைய மாவட்டத்தின் எல்லைக்குள் இரண்டு பெண்களின் கதைகள் தடம் பதித்திருக்கின்றன. ஒருவர் இங்கேயே பிறந்தவர். இன்னொருவர் கடல் கடந்து வந்தவர். ஒருவரை அவருடைய நம்பிக்கைக்காகவும் இன்னொருவரை நம்பிக்கை இல்லாமல் போனதற்காகவும் விசாரித்தார்கள்.

முதலாமவர் தரிகொண்டா வெங்கமாம்பா. 1730-ல் வாயல்பாடு பக்கத்திலுள்ள தரிகொண்டா கிராமத்தில் ஓர் அந்தணக் குடும்பத்தில் பிறந்தார். அக்கால வழக்கப்படி சிறு வயதில் கல்யாணம். சிறு வயதிலேயே கணவனை இழந்தார். கைம்பெண் என்றால் பொட்டு, பூ, வளையல் போக வேண்டும், தலையை மழிக்க வேண்டும் என்பது சாதிக் கட்டளை. வெங்கமாம்பா மறுத்தார். தன் கணவன் வேங்கடேஸ்வரன். அவனுக்குச் சாவு இல்லை. ஆகவே தான் கைம்பெண்ணும் இல்லை என்பது அவருடைய வாதம். எதிர்த்தரப்பின் சாஸ்திரத்தை வைத்தே எதிர்த்தரப்பை மடக்கும் வாதம் இது. கடவுள் உண்டு என்று ஒப்புக்கொண்டவர்களால் இதற்கு எளிதாகப் பதில் சொல்ல முடியவில்லை.

பதில் சொல்ல ஒரு மடாதிபதியை வரவழைத்தார்கள் என்கிறது மரபுக் கதை. புஷ்பகிரி பீடத்தின் தலைவர் வந்தார். தன்னை வணங்கும்படி பணித்தார். ஆசனத்தை விட்டு எழுந்திருங்கள், பிறகு வணங்குகிறேன் என்றாராம் வெங்கமாம்பா. அவர் எழுந்தார். வெறும் ஆசனத்தை அந்தப் பெண் வணங்கியதும் அது தீப்பற்றி எரிந்தது என்று கதை முடிகிறது. ஆசனம் எரிந்ததா என்பதை அவரவர் நம்பிக்கைக்கு விட்டுவிடலாம். ஒரு கைம்பெண்ணின் பக்தியைச் சோதிக்கப் பீடாதிபதியே வர வேண்டியிருந்தது என்று ஊர் நினைவு வைத்திருப்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய செய்தி.

வெங்கமாம்பா ஊரை விட்டுத் திருமலைக்குப் போய்விட்டார். 1817-ல் இறக்கும்வரை மலையிலேயே இருந்தார். எழுத்துப் பயிற்சி இல்லாதவள் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட அவர், வேங்கடாசல மாகாத்மியம், துவிபத பாகவதம், யக்ஷகானங்கள் என்று வரிசையாக எழுதினார். அவற்றில் வாசிஷ்ட ராமாயணமும் ஒன்று. வால்மீகியின் கதை அல்ல இது. உலக வாழ்க்கையில் கசப்புற்று, எதற்காக வாழ வேண்டும் என்று கேட்கும் இளம் ராமனுக்கு வசிஷ்டர் பதில் சொல்லும் நூல். கேள்வி கேட்பவன் சாமான்யன் அல்ல, அவதார புருஷன். ராமனுக்கே சந்தேகம் வரலாம் என்று ஒப்புக்கொள்ளும் ஒரு நூலை, தன் நம்பிக்கைக்காக ஊரிடம் அவமானப்பட்ட பெண் தேடிப் பிடித்துத் தெலுங்கில் பாடினார் என்பது தற்செயலாக இருக்க முடியாது.

தமிழர்களுக்கு இந்த வழக்கு பழகியதுதான். அரங்கனையே கணவனாகக் கொண்ட ஆண்டாளின் திருப்பாவைதான் மார்கழி மாதம் முழுவதும் திருமலையில் சுப்ரபாதத்துக்குப் பதிலாக ஒலிக்கிறது. ஆனால் ஆண்டாள் கன்னி, வெங்கமாம்பா கைம்பெண். கன்னி கடவுளை மணந்தால் காவியம். கைம்பெண் மணந்தால் பஞ்சாயத்து.

இரண்டாமவர் அன்னி பெசன்ட். பெசன்ட் அம்மையார் என்றதும் அடையாறும் ஹோம் ரூலும் நினைவுக்கு வரும். அவற்றுக்கெல்லாம் முந்தைய கதை பலருக்குத் தெரியாது. 1847-ல் லண்டனில் பிறந்தவர். 1867-ல் ஃப்ராங்க் பெசன்ட் என்ற பாதிரியாரை மணந்தார். 1871-ல் குழந்தைகளுக்குக் கக்குவான் இருமல் கண்டது. கைக்குழந்தை மேபல் வாரக்கணக்கில் சாவோடு போராடினாள். குழந்தை பிழைத்தது, தாயின் நம்பிக்கை பிழைக்கவில்லை. அன்பே உருவான கடவுள் ஒரு சிசுவை எதற்காக இப்படி வதைக்க வேண்டும் என்ற கேள்வி அவரை விடவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் பெரிய இறையியல் அறிஞரான பியூசியைப் போய்ப் பார்த்தார். ஏற்கெனவே அளவுக்கு மேல் படித்துவிட்டீர்கள் என்பதுதான் அங்கே கிடைத்த பதில்.

1873-ல் கணவர் நிபந்தனை போட்டார்: தேவாலயத்தில் நற்கருணை வாங்கு, இல்லாவிட்டால் வீட்டை விட்டுப் போ. அன்னி வீட்டை விட்டுப் போனார். அடுத்த வருடம் தாய் மரணப்படுக்கையில் கிடந்தபோது அவருக்கு நற்கருணை வாங்க ஆசை. ஆனால் மகளும் சேர்ந்து வாங்கினால்தான் வாங்குவேன் என்று பிடிவாதம். நம்பாதவளுக்கு எந்தப் பாதிரியார் கொடுப்பார்? வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத் தலைவர் ஸ்டான்லியிடம் போய், தனக்கு நம்பிக்கை இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிக் கேட்டார் அன்னி. ஸ்டான்லி வீட்டுக்கே வந்து இருவருக்கும் கொடுத்தார். நம்பிக்கை இல்லாதவளையும் பந்தியில் உட்கார வைத்த அந்த ஒரு மதகுருவை அன்னி கடைசிவரை நன்றியோடு நினைத்தார்.

நீதிமன்றம் அத்தனை தாராளமாக இல்லை. நாத்திகப் பிரசாரத்தில் இறங்கி, கருத்தடை பற்றிய ஒரு சிறு நூலை 1877-ல் வெளியிட்டு வழக்கில் சிக்கிய அன்னியிடமிருந்து 1878-ல் மகள் மேபல் பறிக்கப்பட்டாள். அந்த நூலும் தாயின் நாத்திகமும் தீர்ப்பில் சேர்ந்தே எடைபோடப்பட்டன. எட்டு வயதுகூட நிரம்பாத குழந்தைக்கு யாரோடு இருக்க விருப்பம் என்பது பொருட்டாக இல்லை. பிள்ளைகள் இருவரும் வளர்ந்து ஆளான பிறகு தாங்களாகவே தாயிடம் திரும்பி வந்தார்கள்.

1889-ல் அன்னி மறுபடி மாறினார். மதிப்புரைக்காகக் கையில் கொடுக்கப்பட்ட பிளாவட்ஸ்கியின் தியாசபி நூல் ஒன்று அவரை அந்தச் சங்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. பழைய நாத்திக நண்பர்கள் திகைத்தார்கள். 1893 நவம்பரில் தூத்துக்குடியில் வந்திறங்கினார். 1907-ல் சங்கத்தின் தலைவரானார். 1917-ல் காங்கிரசுக்கும் தலைவரானார். சித்தூர் மாவட்டத்தோடு அவருக்குச் சம்பந்தம் ஏற்பட்டது மதனப்பள்ளியில். 1895-ல் அங்கே பிறந்த ஒரு பையனைத்தான் 1909-ல் அடையாறு கடற்கரையில் தியாசபிக்காரர்கள் வருங்கால உலக குரு என்று கண்டெடுத்தார்கள். ஜிட்டு கிருஷ்ணமூர்த்தி. 1915-ல் அதே மதனப்பள்ளியில் பெசன்ட் பெயரால் கல்லூரியும் எழுந்தது.

பையனின் தந்தை நாராயணய்யா பிள்ளைகளைத் திருப்பிக் கேட்டு 1912-ல் வழக்குத் தொடுத்தார். சென்னை உயர் நீதிமன்றத்தில் தந்தைக்குச் சாதகமாகத் தீர்ப்பு. லண்டன் பிரிவி கவுன்சில் 1914-ல் அதைப் புரட்டியது. பையன்களின் விருப்பத்தைக் கேட்காமல் தீர்ப்பு வழங்கியது சரியல்ல என்பது காரணங்களில் ஒன்று. மேபலுக்குக் கிடைக்காத உரிமை கிருஷ்ணமூர்த்திக்குக் கிடைத்தது. ஆனால் நம்பிக்கையின்மைக்காகத் தன் மகளை நீதிமன்றத்தில் இழந்த அதே பெண், ஒரு புதிய நம்பிக்கைக்காக இன்னொருவரின் மகன்களை நீதிமன்றத்தில் வென்றார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சந்தேகப்படத் தெரிந்தவர் கையில் அதிகாரம் வந்ததும் அவருக்கும் தராசு பிடிக்கத் தெரிந்துவிட்டது.

கதை அதோடு முடியவில்லை. 1929 ஆகஸ்ட் 3-ம் தேதி ஹாலந்தில் ஓம்மென் என்ற ஊரில், ஆயிரக்கணக்கான அடியார்கள் முன்னிலையில், தனக்காகவே நிறுவப்பட்ட நட்சத்திர சங்கத்தைக் கிருஷ்ணமூர்த்தி கலைத்தார். எந்த அமைப்பும் யாரையும் உண்மைக்கு அழைத்துப்போக முடியாது என்றார். கூட்டத்தில் 81 வயது அன்னி உட்கார்ந்திருந்தார். அவர் வளர்த்த பிள்ளை அவருடைய நம்பிக்கையை அவர் முகத்துக்கு நேரே மறுத்துவிட்டது. பெசன்ட் அவரை வெறுக்கவில்லை, விலக்கவும் இல்லை. தன் நம்பிக்கையைக் கைவிடவும் இல்லை. 1933-ல் அடையாறில் இறக்கும்வரை இருவருக்கும் இடையில் பாசம் இருந்தது. ஸ்டான்லியிடம் அவர் பெற்றதை ஒருவிதத்தில் திருப்பிக் கொடுத்தார் என்று சொல்லலாம்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைப்பவர்கள் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைப் பார்க்கலாம். 1830-ல் ஜோசப் ஸ்மித் நிறுவிய மார்மன் சபையின் தலைமையிடம் அங்கே இருக்கிறது. இந்த நாட்டுக்கும் அது அந்நியமல்ல. 1853-லேயே சென்னைக்கு மார்மன் பிரசாரகர்கள் வந்து, பலன் அதிகம் இல்லாமல் திரும்பினார்கள். 2018-ல் பெங்களூரில் ஓர் ஆலயம் கட்டப்போவதாகச் சபை அறிவித்தது.

அந்தச் சபையில் ஒரு பழக்கம் உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறன்று விரதமிருந்து கூடுவார்கள். விரும்பியவர்கள் எழுந்து சாட்சி சொல்லலாம். இந்தச் சபை உண்மையானது என்று எனக்குத் தெரியும் என்பது அங்கே வழக்கமான வாசகம். நம்புகிறேன் என்றுகூட அல்ல, தெரியும் என்பார்கள். சிறு பிள்ளைகளும் எழுந்து சொல்வார்கள். தெரியும் என்று சொல்ல நாக்கு வராத, ஆனால் சபையை விட்டுப் போகவும் மனம் வராத பெண்கள் என்ன செய்வார்கள்? சிலர் எழுதினார்கள். 1974-ல் பாஸ்டன் பகுதியில் சில மார்மன் பெண்கள் சேர்ந்து ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான லாரல் தாட்சர் உல்ரிக் 1991-ல் வரலாற்றுக்கான புலிட்சர் பரிசு பெற்றார். 1872-லேயே தங்களுக்கென்று பத்திரிகை நடத்திய பாட்டிமார்களின் வாரிசுகள்தான் தாங்கள் என்று அவர்கள் நினைவூட்டினார்கள். அந்தப் பாட்டிமார்கள் 1870-லேயே யூட்டாவில் வாக்குரிமை பெற்றவர்கள்.

சபையில் குருத்துவம் ஆண்களுக்கு மட்டுமே. பன்னிரண்டு வயதுப் பையனுக்குக் கிடைப்பது அவனுடைய பாட்டிக்குக் கிடைக்காது. பெண்களுக்குச் சம உரிமை தரும் சட்டத் திருத்தத்துக்காக வாதாடிய சோனியா ஜான்சனை 1979-ல் சபை நீக்கியது. பெண்களுக்கும் குருத்துவம் கேட்ட வக்கீல் கேட் கெல்லியை 2014-ல் நீக்கியது. நடுவில் 1993 செப்டம்பரில் தண்டிக்கப்பட்ட ஆறு பேரில் லவினா ஃபீல்டிங் ஆண்டர்சனும் ஒருவர். சபை அதிகாரிகள் அறிஞர்களை எப்படி நடத்தினார்கள் என்பதைத் தேதிவாரியாகத் தொகுத்து எழுதியது அவர் செய்த குற்றம்.

நீக்கப்பட்ட பிறகு லவினா என்ன செய்தார் என்பதுதான் விசேஷம். அடுத்த ஞாயிறும் கோயிலுக்குப் போனார். அதற்கடுத்த ஞாயிறும் போனார். நீக்கப்பட்டவர் கூட்டத்தில் எழுந்து பேசக்கூடாது, அப்பமும் தண்ணீரும் பெறக்கூடாது. ஆனாலும் முப்பது வருடம் போய் உட்கார்ந்தார். உள்ளூர்ச் சபையார் அவரை மறுபடி சேர்த்துக்கொள்ளலாம் என்று 2019-ல் பரிந்துரைத்தார்கள். தலைமைப் பீடம் மறுத்தது. 2023-ல் லவினா இறந்தார். சபையின் கணக்கில் அவர் வெளியாள். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு அவரைவிடப் பெரிய பக்தை யார் என்று தெரியும்.

வெங்கமாம்பா, அன்னி, லவினா மூவரும் ஒரே வகைப் பெண்கள் அல்ல. ஒருவர் கடவுளை விடவே இல்லை. ஒருவர் விட்டுவிட்டு வேறு வடிவில் தேடினார். ஒருவர் கதவு சாத்தப்பட்ட பிறகும் வாசலில் நின்றார். மூவரையும் விசாரித்தவர்களுக்கு மட்டும் வித்தியாசம் தெரியவில்லை. கைம்பெண் கோலம் பூணாதது, நற்கருணை வாங்காதது, நடந்ததை எழுதியது எல்லாம் அவர்கள் கண்ணுக்குக் கீழ்ப்படியாமையாகவே தெரிந்தன. நம்பிக்கையைக் காப்பாற்றுகிறோம் என்று பெரும்பாலும் அவர்கள் காப்பாற்றியது கீழ்ப்படிதலைத்தான்.

இதில் நம் வீடுகளும் சேர்த்தி. வேண்டுதல் பலித்தால் சாமிக்குப் பெருமை. பலிக்காவிட்டால் விரதத்தில் குறை, தீட்டு, மனசுத்தம் போதாது என்று பழி பெண்ணின் தலையில் விழுகிறது. பிள்ளையை இழந்த ஒருத்தி ஆறு மாதம் பூஜை அறைப் பக்கமே போகாமல் இருந்தால், அவளைப் புரிந்துகொள்வதைவிட அவளுக்குப் பரிகாரம் சொல்ல வருபவர்களே அதிகம். அவள் கடவுளோடு கோபித்துக்கொண்டிருக்கிறாள். கோபித்துக்கொள்வதும் ஓர் உறவுதான். நடுவில் யாரும் பஞ்சாயத்துக்கு வராமல் இருந்தால் அவள் திரும்பி வரலாம், வராமலும் போகலாம். அது அவள் இஷ்டம்.

தலைமுடி விஷயத்தையே எடுத்துக்கொள்ளலாம். மலைக்கு வந்து தானாக விரும்பித் தலையைக் குனியும் பெண்ணுக்கு முடியிறக்குவது நிறைவைத் தருகிறது. அதே சவரக்கத்தியைத்தான் வெங்கமாம்பாவின் தலைமுறையில் கைம்பெண்களின் தலைக்குக் கொண்டுவந்தார்கள். கத்தி ஒன்று, தலை ஒன்று, மழிப்பதும் ஒன்று. ஒன்று காணிக்கை, மற்றது தண்டனை. வித்தியாசம் அவளைக் கேட்டார்களா என்பதில் மட்டுமே இருக்கிறது.

திருமலையில் தினமும் ஆயிரக்கணக்கானோர் சாப்பிடும் அன்னப்பிரசாதக் கூடத்துக்கு இன்று வெங்கமாம்பாவின் பெயர். 2011-ல் ஜனாதிபதி பிரதிபா பாட்டீல் அதைத் திறந்துவைத்தார். இரவு ஏகாந்த சேவையில், தாள்ளபாக்கத்தாரின் தாலாட்டுக்குப் பிறகு, தரிகொண்டாவின் முத்து ஆரத்தி எடுக்கப்படுகிறது. பொட்டு வைக்கக்கூடாது என்று ஊர் விலக்கிய ஒரு பெண்ணின் பெயரால் எடுக்கப்படும் ஆரத்தியோடுதான் அன்றைய கோயில் நடை சாத்தப்படுகிறது. அவர் உயிரோடு இருந்தபோது இந்த மரியாதையில் பாதியைக் கொடுத்திருந்தால்கூடப் போதும், தரிகொண்டாவை விட்டு அவர் போயிருக்க வேண்டியதில்லை.